சிகிச்சை முடிந்து பத்தாண்டுகள் ஆன பின் மகளிடம் எதை ஒப்படைப்பது?

இழையைத் தொடங்கியவர்: பதினேழு வயது மகளின் தாய்

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு நான்கரை வயதில் அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுகீமியா என்னும் இரத்தப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. இரண்டரை ஆண்டுகள் சிகிச்சை நடந்தது. அது முடிந்து இப்போது பத்து ஆண்டுகள் ஆகின்றன. முதல் ஐந்து ஆண்டுகள் ஒரு தவணையும் தவறாமல் பரிசோதனைக்குப் போனோம். ஐந்தாம் ஆண்டு முடிவில், "இனி நோய் திரும்பிவிடும் என்று அஞ்ச வேண்டாம், ஏதேனும் தொந்தரவு இருந்தால் மட்டும் வாருங்கள்" என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்ட நாளில் நான் அழுத அழுகை எனக்கு மட்டுமே தெரியும். வீட்டுக்கு வந்து கோப்பு, மருந்துச் சீட்டுகள், எக்ஸ்ரே உறைகள் அத்தனையையும் ஒரு பையில் கட்டி அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். அதன் பிறகு அந்தப் பையை நான் பிரிக்கவே இல்லை.

கடந்த மாதம் பல் வலி என்று மகளைப் பல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். எக்ஸ்ரேயைப் பார்த்த அவர், சில பற்களின் வேர்கள் இருக்க வேண்டிய நீளம் இல்லாமல் குட்டையாக இருப்பதைக் காட்டி, "சிறு வயதில் ஏதாவது பெரிய சிகிச்சை எடுத்துக்கொண்டாயா?" என்று அவளிடமே கேட்டார். "இரத்தத்தில் ஏதோ குறைபாடு இருந்ததாம், மருந்து கொடுத்துச் சரியாகிவிட்டதாம்" என்று அவள் சொன்னாள். அது நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த வாக்கியம். பிறகு மருத்துவரிடம் தனியே உண்மையைச் சொன்னேன். மிகச் சிறு வயதில் கீமோ பெற்ற குழந்தைகளுக்குப் பல்வேரின் வளர்ச்சி இப்படித் தடைபடுவது உண்டு என்று விளக்கிவிட்டு, "வேறு என்னென்ன பரிசோதனைகள் ஆண்டுதோறும் செய்து வருகிறீர்கள்?" என்றார். ஒன்றும் செய்யவில்லை என்பதே என் பதில்.

அவள் தன் வயதுப் பிள்ளைகளைவிடக் குட்டையாக இருக்கிறாள். விடை தெரிந்திருந்தும் தேர்வில் நேரம் போதாமல் பாதியில் எழுந்து வருகிறாள். இவற்றுக்கும் அந்தச் சிகிச்சைக்கும் தொடர்பு இருக்குமோ என்று இந்த ஒரு மாதமாகத்தான் யோசிக்கிறேன். தலைக்குப் பத்து நாட்கள் கதிர்வீச்சு கொடுத்தார்கள் என்பது நினைவில் இருக்கிறது. அளவு நினைவில் இல்லை. அடுத்த ஆண்டு அவளுக்குப் பதினெட்டு வயது ஆகும். படிப்புக்காக வீட்டைவிட்டு வெளியே போவாள். அதற்குள் அவளிடம் என்ன சொல்ல வேண்டும், எந்தப் பரிசோதனைகளைச் செய்ய வேண்டும், யாரிடம் போக வேண்டும் என்பதை இந்த வழியில் நடந்தவர்கள் கூறினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதினைந்து வயதில் ஹாட்ஜ்கின் லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்

அம்மா, உங்கள் பதிவை மூன்று முறை படித்தேன். நான் இப்போது முப்பத்தாறு வயதுப் பெண். உங்கள் மகளின் இடத்தில் இருந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். என் பெற்றோரும் என்மீது கொண்ட அன்பினால்தான் என் நோயைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினார்கள். அவர்கள்மீது எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்த மௌனத்தால் என் உடலுக்கு என்ன நேர்ந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

எனக்கு மார்பிலும் கழுத்திலும் கதிர்வீச்சும், டாக்ஸோரூபிசின் அடங்கிய கீமோவும் கொடுக்கப்பட்டன. இருபத்தேழு வயதிலிருந்து இரண்டு ஆண்டுகள் ஓயாத சோர்வோடு அலைந்தேன். வேலைப்பளு என்றார்கள், மனச்சோர்வு என்றார்கள். கழுத்தில் கதிர்வீச்சு பெற்றவர்களுக்குத் தைராய்டு சுரப்பு குறைவது மிகப் பொதுவான பின்விளைவு என்பதை அறிந்த ஒரு மருத்துவர் இரத்தப் பரிசோதனை ஒன்றைச் செய்யச் சொன்ன பிறகுதான் காரணம் தெரிந்தது. ஆண்டுக்கு ஒரு முறை அந்தச் சோதனையைச் செய்து வந்திருந்தால் அந்த இரண்டு ஆண்டுகள் வீணாகியிருக்காது. முப்பத்து நான்கு வயதில் கருவுற்றேன். ஏழாம் மாதத்தில் படுத்தால் மூச்சுத் திணறியது. "முன்பு ஏதேனும் பெரிய நோய் இருந்ததா?" என்ற கேள்விக்கு முதல் சந்திப்பிலேயே "இல்லை" என்று எழுதிக்கொடுத்திருந்தேன், ஏனென்றால் முடிந்துபோன ஒன்றை நோய் என்று நான் கருதவில்லை. எக்கோ எடுத்துப் பார்த்தபோது இதயத்தின் சுருங்கும் திறன் கணிசமாகக் குறைந்திருந்தது. டாக்ஸோரூபிசின், டானோரூபிசின் போன்ற ஆந்த்ராசைக்ளின் வகை மருந்துகளை முன்பு பெற்றவர்கள் கருவுறும் முன்போ கருவுற்ற தொடக்கத்திலோ எக்கோ எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதை அன்றுதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டேன். குழந்தை நலமாகப் பிறந்தது. நான் இன்றும் இதயத்துக்கு மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்றையும் அப்போதுதான் அறிந்தேன். மார்பில் பத்து கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அல்லது அதற்கு மேல் கதிர்வீச்சு பெற்ற பெண்கள், இருபத்தைந்து வயதிலிருந்தோ கதிர்வீச்சு முடிந்து எட்டு ஆண்டுகள் கழித்தோ, இவற்றில் எது பின்னால் வருகிறதோ அப்போது தொடங்கி, ஆண்டுதோறும் மார்பக எம்.ஆர்.ஐ., மம்மோகிராம் பரிசோதனைகளைச் செய்துகொள்ள வேண்டும் என்று வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. நான் ஒன்பது ஆண்டுகள் தாமதமாகத் தொடங்கினேன். இதுவரை ஒன்றும் இல்லை. உங்கள் மகளுக்கு மார்பில் கதிர்வீச்சு கொடுக்கப்படவில்லை என்று உங்கள் பதிவிலிருந்து தெரிகிறது. ஆகவே இது அவளுக்குப் பொருந்தாது. இருந்தாலும் இந்த இழையைப் படிக்கும் வேறு யாருக்கேனும் பயன்படலாம்.

அந்தப் பையைப் பிரியுங்கள் அம்மா. பிரிக்கும்போது அவளையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டு வயது மகனின் தந்தை

மேலே எழுதிய சகோதரியின் துன்பத்தை மதிக்கிறேன். ஆயினும் மாறுபட்ட ஒரு கருத்தையும் பதிவு செய்ய விரும்புகிறேன். என் மகனுக்கு ஐந்து வயதில் சிறுநீரகத்தில் வில்ம்ஸ் கட்டி வந்து, ஒரு சிறுநீரகம் முழுவதுமாக அகற்றப்பட்டது. இன்று அவன் கால்பந்து ஆடுகிறான், ஓடுகிறான், மற்ற பிள்ளைகளைப் போலவே இருக்கிறான். இணையத்தில் தேடினால், பிழைத்தவர்களில் முக்கால் பங்கினருக்கு முப்பது ஆண்டுகளுக்குள் நாட்பட்ட நோய் ஏதேனும் வருகிறது என்று எழுதியிருக்கிறார்கள். பிள்ளையைக் காப்பாற்றி வெளியே கொண்டு வந்த பிறகு, "உனக்குள் இன்னும் ஆபத்து இருக்கிறது" என்று அவனிடம் சொல்வது எந்த வகையில் நியாயம்? தலைவலி வந்தால்கூட நடுங்கும் ஒருவனாக அவன் வளர வேண்டாம் என்று நினைக்கிறேன். மறப்பதற்கும் ஒரு குழந்தைக்கு உரிமை உண்டு.

குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவில் பணியாற்றும் செவிலியர்

ஐயாவின் கேள்வி மிக நேர்மையானது. சிகிச்சை முடிந்து பல ஆண்டுகள் ஆன குடும்பங்களை நான் சந்திக்கும் ஒவ்வொரு நாளும் இக்கேள்வியை யாராவது ஒருவர் கேட்கிறார். முதலில் அவர் குறிப்பிட்ட எண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அந்த எண்ணைத் தனியே படிப்பவர்கள் தேவைக்கு மேல் அஞ்சுகிறார்கள்.

அது அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்துவரும் ஒரு பெரிய தொடர் ஆய்விலிருந்து 2006-ஆம் ஆண்டில் வெளியானது. 10,397 பேரை ஆராய்ந்தார்கள். நோய் கண்டறியப்பட்டு முப்பது ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 73 விழுக்காட்டினருக்கு நாட்பட்ட உடல்நலச் சிக்கல் ஒன்றேனும் ஏற்படுவதாகவும், 42 விழுக்காட்டினருக்கு அது கடுமையானதாக இருப்பதாகவும் கணக்கிட்டார்கள். ஆனால் அவர்கள் 1970-க்கும் 1986-க்கும் இடையில் நோய் கண்டறியப்பட்டவர்கள். அக்காலத்தில் கதிர்வீச்சின் அளவு அதிகம். பல மருந்துகளின் நீண்டகால விளைவு அப்போது தெரியாது. அதே ஆய்வின் விரிவாக்கத்தில் முப்பத்து நான்காயிரம் பேரைப் பார்த்தபோது, ஐந்து ஆண்டுகள் பிழைத்தவர்களில் அடுத்த பத்து ஆண்டுகளுக்குள், அதாவது நோய் கண்டறிந்து பதினைந்து ஆண்டுகளுக்குள், இறந்தவர்களின் பங்கு 1970-களின் தொடக்கத்தில் 12.4 விழுக்காடாக இருந்து, 1990-களில் சிகிச்சை பெற்றவர்களிடம் 6 விழுக்காடாகக் குறைந்திருந்தது. இந்தக் குறைவு தானாக வரவில்லை. முன்னே சென்றவர்களின் உடலைத் தொடர்ந்து கவனித்ததால்தான், எந்த மருந்தைக் குறைக்க வேண்டும், எந்தக் குழந்தைக்குக் கதிர்வீச்சே வேண்டாம் என்பது தெரிந்தது. ஐயா, உங்கள் மகன் இன்று ஓடி ஆடுவதற்கும் அந்தக் கவனிப்பு ஒரு காரணம்.

அடுத்தது, "ஆபத்து இருக்கிறது" என்ற பொதுவான வாக்கியத்தை எந்தக் குழந்தையிடமும் நாங்கள் சொல்வதில்லை, ஏனெனில் பொதுவான ஆபத்து என்று ஒன்று கிடையாது. எந்த மருந்து, எவ்வளவு, எந்த வயதில், உடலின் எந்தப் பகுதியில் கதிர்வீச்சு என்பதைப் பொறுத்தே ஒவ்வொருவருக்கும் பார்க்க வேண்டியவை வேறுபடும். சிஸ்பிளாட்டின் பெற்றவர்களுக்குக் காதும் சிறுநீரகமும், பிளியோமைசின் பெற்றவர்களுக்கு நுரையீரலும், சைக்ளோஃபாஸ்ஃபமைடு வகை மருந்துகளை அதிக அளவில் பெற்றவர்களுக்குக் கருவுறும் திறனும், ஸ்டீராய்டு நீண்ட காலம் பெற்றவர்களுக்கு எலும்பும் கவனிக்கப்பட வேண்டும். இரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்ட இரு குழந்தைகளுக்கே கூடப் பட்டியல் ஒன்றாக இருக்காது.

இழையைத் தொடங்கிய தாயாருக்கு: உங்கள் மகளைப் பொறுத்தவரை என் மனத்தில் முதலில் வருவது தலைக்குக் கொடுத்த கதிர்வீச்சுதான். பத்து நாட்கள் என்று சொல்கிறீர்கள். ஒரு நாளைக்கு 1.8 கிரே வீதம் பத்துத் தவணைகளில் 18 கிரே கொடுப்பது வழக்கத்தில் இருந்த ஒரு முறை. அதுதானா என்பதைப் பதிவேட்டில் உறுதி செய்துகொள்ளுங்கள். 18 கிரே அளவிலேயே வளர்ச்சி ஹார்மோன் குறைய வாய்ப்பு உண்டு. பெண் குழந்தைகள் சிலர் இயல்பைவிட முன்னதாகப் பூப்படைவதும், அதனால் உயரம் விரைவில் நின்றுவிடுவதும் உண்டு. எனவே நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் ஒருவரிடம் ஒரு முறை காட்டுவது அவசியம். எடை, இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு ஆகியவற்றைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். கதிர்வீச்சும் ஸ்டீராய்டும் கண்புரையை உண்டாக்கக்கூடும் என்பதால் கண் பரிசோதனையும் தேவை. எலும்பு அடர்த்தியை ஒரு முறை அளந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். தலையில் கதிர்வீச்சு பெற்றவர்களில் சிலருக்குப் பத்து, இருபது ஆண்டுகள் கழித்து மூளையுறையில் மெனிஞ்சியோமா என்னும் கட்டி வரலாம்; அது பெரும்பாலும் தீங்கற்ற வகைக் கட்டி. அதற்காக ஆண்டுதோறும் ஸ்கேன் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் விடாத தலைவலி, வலிப்பு, பார்வை மாற்றம் வந்தால், இந்த வரலாற்றை மருத்துவரிடம் சொல்லத் தெரிந்தவளாக அவள் இருக்க வேண்டும். நான் திரும்பத் திரும்ப வலியுறுத்துவது இந்த ஒன்றைத்தான்: நீங்கள் அவளுடன் இல்லாத நாளில் அவளே சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

பொது மருத்துவர் ஒருவர்

செவிலியர் அம்மையார் கூறியவற்றோடு, மேசையின் மறுபக்கத்திலிருந்து ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். குழந்தைப் பருவத்தில் புற்றுநோயிலிருந்து மீண்டவர்கள் வளர்ந்த பிறகு பெரும்பாலும் என்னைப் போன்ற பொது மருத்துவர்களிடம்தான் வருகிறார்கள். எங்களில் பலருக்கு அவர்களின் சிகிச்சையைப் பற்றிய விரிவான அறிவு இல்லை. அவர்களுக்கும் தெரிவதில்லை. 2002-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், சிறுவயதில் புற்றுநோயிலிருந்து மீண்ட 635 பேரிடம் அவர்கள் பெற்ற சிகிச்சையைக் கேட்டுப் பதிவேடுகளோடு ஒப்பிட்டார்கள். கீமோ பெற்றோம் என்பது ஏறக்குறைய அனைவருக்கும் தெரிந்திருந்தது. டானோரூபிசின் பெற்றவர்களில் அந்த மருந்தின் பெயரைச் சொன்னால்கூட அடையாளம் கண்டவர்கள் 30 விழுக்காட்டினர் மட்டுமே. பழைய சிகிச்சையால் பிற்காலத்தில் கடுமையான சிக்கல் வரக்கூடும் என்று அறிந்திருந்தவர்கள் 35 விழுக்காட்டினர். அந்த எண்களைப் படித்த பிறகுதான் நான் என் நோயாளிகளிடம், "பெரிய நோய் இருந்ததா?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "குழந்தையாக இருந்தபோது பல மாதங்கள் மருத்துவமனைக்குப் போனீர்களா, முடி கொட்டியதா, கதிர்வீச்சு எடுத்தீர்களா?" என்று கேட்கத் தொடங்கினேன். இந்தக் கேள்விக்கு மட்டும் "ஆம்" என்று பதில் சொன்னவர்கள் இருக்கிறார்கள்.

எனக்குத் தேவைப்படுவது முந்நூறு பக்கக் கோப்பு அன்று. ஒரே தாள் போதும். நோயின் சரியான பெயர், கண்டறிந்த நாள், சிகிச்சை முடிந்த நாள், பெற்ற மருந்துகளின் பெயர்கள் இருக்க வேண்டும். குறிப்பாக ஆந்த்ராசைக்ளின், சைக்ளோஃபாஸ்ஃபமைடு, ஐஃபாஸ்ஃபமைடு, சிஸ்பிளாட்டின் ஆகியவற்றில் எதைப் பெற்றிருந்தாலும் உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு மொத்தம் எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு இருக்க வேண்டும். கதிர்வீச்சு எனில் எந்தப் பகுதி, மொத்தம் எத்தனை கிரே, எத்தனை தவணை. அறுவை சிகிச்சை எனில் எந்த உறுப்பு எடுக்கப்பட்டது. மண்ணீரல் எடுக்கப்பட்டிருந்தால் அதைச் சிவப்பு மையில் எழுதுங்கள், ஏனெனில் அவர்களுக்குக் காய்ச்சல் என்றால் மணிக்கணக்கில் காத்திருக்கக் கூடாது. இரத்தம் ஏற்றப்பட்டதா என்பதும் வேண்டும்.

மொத்த அளவை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. ஆந்த்ராசைக்ளின் மொத்த அளவு ஒரு சதுர மீட்டருக்கு 250 மில்லிகிராமோ அதற்கு மேலோ என்றால் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், 100-க்கும் 250-க்கும் இடையில் என்றால் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறையும் எக்கோ எடுக்க வேண்டும் என்பது இப்போதைய பன்னாட்டுப் பரிந்துரை. 100-க்குக் கீழே, மார்பில் கதிர்வீச்சும் இல்லை என்றால் வழக்கமான எக்கோவே வலியுறுத்தப்படுவதில்லை. ஓர் எண் தெரிந்தால் ஒரு பெண் வாழ்நாள் முழுவதும் அச்சப்படாமல் இருக்கலாம். அந்தத் தந்தைக்கும் இதையே சொல்கிறேன்: அறியாமையைவிட அறிவு பல பிள்ளைகளுக்கு நிம்மதியைத்தான் தருகிறது.

ஐயா, இன்னொன்று. உங்கள் மகன் கால்பந்து ஆடுவதாக எழுதியிருந்தீர்கள். அடிபட்டால் வலிக்கு என்ன மாத்திரை கொடுக்கிறீர்கள்?

பன்னிரண்டு வயது மகனின் தந்தை

இபுபுரூஃபன் கொடுப்பது வழக்கம். சில நேரங்களில் தொடர்ந்து நான்கைந்து நாட்கள் கொடுத்திருக்கிறேன். ஏன் கேட்கிறீர்கள்?

பொது மருத்துவர் ஒருவர்

அந்த வகை வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கக்கூடியவை. இரு சிறுநீரகங்களும் நலமாக உள்ள சிறுவனுக்கு அது பொதுவாகப் பெரிய விஷயமாக இருப்பதில்லை. ஒரே சிறுநீரகம் உள்ளவன், அதுவும் வியர்த்து நீர் குறைந்த நிலையில் அதை எடுத்துக்கொள்வது நல்லதன்று. பாராசிட்டமால் கொடுங்கள், அதற்கு மேல் தேவைப்பட்டால் மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை இரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், கிரியேட்டினின் பாருங்கள். இதுவரை கொடுத்ததால் ஏதோ ஆகிவிட்டது என்று தயவுசெய்து கலங்க வேண்டாம். அவன் கால்பந்தையும் நிறுத்த வேண்டாம். ஆட்டத்தில் வயிற்றிலோ விலாவிலோ பலமாக அடிபட்டால் மட்டும் உடனே காட்ட வேண்டும். இதை மகனுக்கே சொல்லி வையுங்கள், ஏனெனில் மைதானத்தில் வலி மாத்திரையை நீட்டுபவர் நீங்களாக இருக்கமாட்டீர்கள்.

எலும்புப் புற்றுநோயிலிருந்து மீண்ட கல்லூரி மாணவர்

எனக்குப் பதினான்கு வயதில் தொடை எலும்பில் ஆஸ்டியோசார்கோமா. இப்போது இருபத்திரண்டு. நோயைப் பற்றி என்னிடம் மறைக்க முடியாத வயதில் அது வந்தது. அதை இன்று நல்வாய்ப்பாகவே கருதுகிறேன். ஆனால் என்னிடமும் சொல்லாமல் விட்டவை இருந்தன. சிஸ்பிளாட்டின் முடிந்த ஆறாம் மாதத்திலிருந்து வகுப்பில் பேசுவது பாதி புரியாமல் போனது. ஒலி கேட்கும், சொல் புரியாது. உயர் அதிர்வெண் கேள்திறன் போய்விட்டதால் 'ஸ', 'ஷ', 'ஃப' போன்ற ஒலிகள் எனக்கு எட்டவில்லை என்பது கேள்திறன் சோதனை செய்த பிறகே தெரிந்தது. அதுவரை கவனமில்லாதவன் என்று பெயர் வாங்கினேன். காது கருவி பொருத்திய முதல் நாள் மழைச் சத்தம் வேறு விதமாகக் கேட்டது. இன்று சில வகைக் கட்டிகளுக்குச் சிஸ்பிளாட்டினோடு சோடியம் தயோசல்ஃபேட் கொடுத்துக் கேள்திறனைக் காப்பாற்ற முயல்கிறார்கள். 2022-இல் அமெரிக்காவில் அதற்கு ஒப்புதல் கிடைத்தது என்று படித்தபோது, எனக்குப் பின்னால் வரும் பிள்ளைகளுக்காக மகிழ்ந்தேன்.

சிகிச்சை தொடங்கும் முன் விந்தணுவைச் சேமித்து வைக்கலாம் என்று யாரும் எங்களிடம் கூறவில்லை. என் பெற்றோருக்கு அன்று நான் உயிரோடு இருந்தால் போதும் என்ற ஒரே எண்ணம். அதைக் குறை சொல்ல மாட்டேன். இருபது வயதில் நானே சென்று பரிசோதித்துக்கொண்டேன். முடிவை இங்கே எழுத விரும்பவில்லை. ஆனால் அதை என் துணையிடம் சொல்லும் முடிவு என்னுடையதாக இருக்கிறது. எனக்குத் தெரியாமல் பிறர் மட்டும் அறிந்திருந்தால் அந்த முடிவுகூட என்னுடையதாக இருந்திருக்காது.

அம்மா, மகளிடம் ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்டிவிடாதீர்கள். நோயின் பெயரை முதலில் சொல்லுங்கள். மற்றதை அவளே கேட்பாள்.

கற்றல் சிக்கல்களில் பணியாற்றும் சிறப்பாசிரியர்

தேர்வில் நேரம் போதாமல் எழுந்து வருகிறாள் என்று தாயார் எழுதிய ஒரு வரியைப் பற்றி யாரும் விரிவாகப் பேசாததால் எழுதுகிறேன். தலைக்குக் கதிர்வீச்சு பெற்ற குழந்தைகளிடமும், முதுகுத்தண்டு நீரில் மெத்தோட்ரெக்சேட் ஊசி பெற்ற குழந்தைகள் சிலரிடமும் நான் அடிக்கடி காண்பது, தகவலை மூளை கையாளும் வேகம் குறைந்திருப்பது. இதை அறிவுக்குறைவு என்று கொள்ளக் கூடாது. கேள்வியைப் படித்து, விடையை எடுத்து, கையால் எழுதி முடிக்க மற்றவர்களைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கிறது. கவனம் சிதறுதல், ஒரே நேரத்தில் பலவற்றை மனத்தில் நிறுத்த முடியாமை, கணக்கில் படிகள் தவறுதல் ஆகியவையும் உண்டு. சிகிச்சையின்போது குழந்தை எவ்வளவு சிறியதோ அவ்வளவுக்கு இது மிகும். மிகக் கொடுமையானது என்னவென்றால், இது உடனே தெரிவதில்லை. பாடச்சுமை ஏறும் நடுநிலை வகுப்புகளில்தான் வெளிப்படுகிறது. அதற்குள் நோய் எல்லோருக்கும் மறந்துபோயிருக்கும். வின்கிரிஸ்டின் மருந்தால் விரல் நரம்புகளில் பலவீனம் எஞ்சியிருந்தால் எழுத்து மேலும் மெதுவாகும்.

நரம்பு உளவியல் மதிப்பீடு ஒன்றைச் செய்துகொள்ளுங்கள். அந்த அறிக்கை கையில் இருந்தால் கூடுதல் தேர்வு நேரம் கேட்கலாம், தட்டச்சு செய்ய அனுமதி கேட்கலாம். மேற்படிப்புக்குப் போகும் முன் செய்துவிடுவது நல்லது.

இழையைத் தொடங்கியவர்: பதினேழு வயது மகளின் தாய்

ஐந்து வாரங்கள் கழித்து எழுதுகிறேன். பதிலளித்த அனைவருக்கும் முதலில் என் நன்றி.

பையைப் பிரித்தோம், இருவருமாக. கதிர்வீச்சு அட்டை முதலிலேயே கிடைத்தது: தலை, 18 கிரே, பத்துத் தவணை. செவிலியர் அம்மையார் கணித்தது சரி. மருந்துகளின் மொத்த அளவுக்காக, சிகிச்சை பெற்ற மருத்துவமனையின் ஆவணப் பிரிவுக்கு நான்கு முறை போனேன். பழைய கோப்புகள் இடம் மாற்றப்பட்டதில் சில தாள்கள் காணாமல் போயிருக்கின்றன. இரண்டாம் கட்டத் தீவிர சிகிச்சையின் மருந்துப் பட்டியல் மட்டும் கிடைக்கவில்லை. மற்ற கட்டங்களைக் கூட்டினால் ஆந்த்ராசைக்ளின் 75 மில்லிகிராம் வருகிறது.

மகளிடம் நோயின் பெயரைச் சொன்னேன். அவள் அழவில்லை. மருத்துவச் சொற்களை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். மறுநாள் இந்த இழையை அவளிடம் காட்டினேன். சிறப்பாசிரியர் எழுதிய பகுதிக்கு வந்ததும் நிறுத்திவிட்டு, "ஏழாம் வகுப்பில் என்னைச் சோம்பேறி என்று சொன்னீர்களே அம்மா" என்றாள். சொன்னேன், பல முறை சொல்லியிருக்கிறேன். முடிக்காத விடைத்தாளை அவள் முன் வீசியும் இருக்கிறேன். நோயை மறைத்ததற்காக அவள் என்மீது கோபப்படுவாள் என்று அஞ்சிக்கொண்டிருந்தேன். அவளுக்கு வலித்தது வேறொன்று என்பது எனக்குத் தெரியவே இல்லை. மன்னிப்புக் கேட்டேன். அன்று இரவு அவள் என்னோடு பேசவில்லை. இரண்டு நாட்களுக்குப் பிறகு, மதிப்பீட்டுக்கு எப்போது போகலாம் என்று அவளே கேட்டாள்.

கிடைக்காத அந்தத் தாளுக்கு என்ன செய்வது என்று மட்டும் யாராவது கூற முடியுமா?

குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவில் பணியாற்றும் செவிலியர்

அம்மா, இது பலருக்கும் நேர்வது. சிகிச்சைத் திட்டத்தின் பெயர் எந்தத் தாளிலாவது குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியின் தலைப்பிலோ, ஒப்புதல் படிவத்திலோ இருக்கும். திட்டத்தின் பெயர் தெரிந்தால், அந்தக் கட்டத்தில் வழக்கமாக எந்த மருந்து, ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு என்பது புற்றுநோய் மருத்துவருக்குத் தெரியும். அந்தக் கட்டத்தில் ஆந்த்ராசைக்ளின் இடம்பெறும் திட்டங்கள் பல உண்டு. எனவே 75 என்பதை இறுதி எண்ணாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மருந்தகத்தின் பழைய வழங்கல் பதிவேட்டையும் கேட்டுப் பாருங்கள். கோப்பு தொலைந்த இடங்களில் அது சில நேரம் கைகொடுக்கிறது. எதுவும் கிடைக்காவிட்டால், தாளில் "உறுதி செய்யப்பட்டது 75, மதிப்பிடப்பட்டது இவ்வளவு" என்று தனித்தனியே எழுதுங்கள். மதிப்பீட்டோடு கூட்டி 100-ஐத் தாண்டினால் நடுத்தர அபாயப் பிரிவாகவே கருதிக்கொண்டு, இப்போது ஓர் எக்கோவும் பிறகு ஐந்து ஆண்டுக்கு ஒரு முறையும் எடுப்பதே பாதுகாப்பான வழி. அதிகமாக மதிப்பிட்டதால் கூடுதலாக ஒரு பரிசோதனை செய்ய நேரலாம், அவ்வளவுதான்.

பழைய தடுப்பூசிகள் மீண்டும் போடப்பட்டனவா என்பதையும் பாருங்கள். கீமோவுக்குப் பின் தடுப்பாற்றல் சிலவற்றுக்குக் குறைந்திருக்கும். கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசியும் அவளுக்குப் போட வேண்டியதே.

பன்னிரண்டு வயது மகனின் தந்தை

மகனின் இரத்த அழுத்தம், சிறுநீர், கிரியேட்டினின் மூன்றும் பார்த்தோம், இயல்பாக இருக்கின்றன. ஒரு சிறுநீரகம் இல்லை என்பதை அவனிடம் சொன்னேன். வயிற்றுத் தழும்பு எதனால் வந்தது என்று அவன் இத்தனை நாளாக என்னிடம் கேட்காதது ஏன் என்று கேட்டேன். "நீங்கள் வருத்தப்படுவீர்கள்" என்றான். நான் முன்பு எழுதிய கருத்தை நீக்கவில்லை. அதே எண்ணத்தோடு வரும் வேறு தந்தையர் இந்த இழையை முழுவதும் படிக்கட்டும். டாக்ஸோரூபிசின் அவனுக்குக் கொடுக்கப்பட்டதா என்பதைக் கேட்டு எழுதச் சொல்லியிருக்கிறேன்.

இழையைத் தொடங்கியவர்: பதினேழு வயது மகளின் தாய்

திட்டத்தின் பெயர் ஒப்புதல் படிவத்தில் இருந்தது. மருத்துவரின் கணக்குப்படி மொத்தம் 105-க்கு அருகில் வருகிறது. எக்கோவுக்கு அடுத்த புதன்கிழமை நேரம் வாங்கியிருக்கிறோம். தாளை மகளே தட்டச்சு செய்தாள். நான் "இரத்தப் புற்றுநோய்" என்று மட்டும் சொல்லியிருந்த இடத்தில் முழுப் பெயரையும் எழுதி, கீழே அவசரத் தொடர்புக்கு என் எண்ணுக்கு மேலே தன் எண்ணைச் சேர்த்திருக்கிறாள். தைராய்டு, வளர்ச்சி ஹார்மோன் முடிவுகள் இன்னும் வரவில்லை. வந்ததும் இங்கே எழுதுகிறேன்.